குதிரைக்கு இரட்டைக் கரு: பொறுத்துப் பார்க்கலாமா?

"எங்கள் பெண் குதிரைக்கு இனம் சேர்த்த 15-ஆம் நாள் ஓசூரில் ஸ்கேன் பார்த்தோம். இரண்டு கரு இருக்கிறது, ஒன்றை நசுக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். வெள்ளாடு இரண்டு, மூன்று குட்டி போட்டு வளர்க்கிறதே, குதிரையால் முடியாதா? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பொறுக்க வேண்டாம். டாக்டர் சொன்னது சரி. இன்று நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை அது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக உள்ள இடங்களில் மட்டும்தான் நஞ்சுக்கொடி பற்றும். குதிரைக்குக் கருப்பையின் உட்சுவர் முழுக்கப் படர வேண்டும். அப்போதுதான் ஒரே குட்டிக்கு 11 மாதமும் ஊட்டம் போதும். இரண்டு கரு இருந்தால் ஒன்றையொன்று முட்டும் பகுதியில் இரண்டுக்குமே சுவர் கிடைக்காது. இளைத்தது முதலில் சாகும், பெரும்பாலும் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். அதுவும் வயிறு தெரிந்து, எட்டு ஒன்பது மாதம் தீனி போட்ட பிறகு. நாள் ஆகாமலே மடி இறங்கிப் பால் சொட்டினால் அதற்கான அறிகுறி. தப்பிப் பிறக்கும் குட்டிகளும் பெரும்பாலும் நோஞ்சான்கள்தான். தாய்க்கும் பிரசவம் சிக்கலாகும்.

அவசரத்துக்குக் காரணம் இது. சினைமுட்டை வெளியான 6-ஆம் நாள் வாக்கில் கரு கருப்பைக்குள் இறங்கும். 16-ஆம் நாள் வரை ஓரிடத்தில் நிற்காமல் கோலிக்குண்டு போல, கருப்பையின் இரண்டு கிளைகளான கொம்புகளிலும் உருண்டுகொண்டே இருக்கும். அப்படிச் சுற்றினால்தான் சினை பிடித்திருப்பது தாயின் உடம்புக்குத் தெரியும். இல்லாவிட்டால் அடுத்த சினைப்பருவம் வந்துவிடும். இந்த அலைச்சல்தான் நமக்கு வசதி. இரண்டும் விலகியிருக்கும் நேரம் பார்த்து, டாக்டர் மலக்குடல் வழியாகச் சிறியதைக் கொம்பின் நுனிக்கு ஒதுக்கி, அழுத்தி உடைப்பார். ஒட்டிக் கிடந்தால் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்.

16-ஆம் நாளுக்கு மேல் கரு ஒரு கொம்பின் அடியில் நிலைத்துவிடும். இரண்டும் ஒரே பக்கம் அண்டிக்கொண்டால் ஒன்றை நசுக்கும்போது மற்றதும் கெடலாம். அப்படி நிலைத்தவற்றில் ஒன்று தானாகக் கரைவதும் உண்டு. பக்கத்துக்கு ஒன்றாக நிலைத்தால் அந்த நம்பிக்கையும் வேண்டாம்.

உங்கள் நாள் கணக்கில் ஒரு திருத்தம். எண்ண வேண்டியது இனம் சேர்த்த நாளிலிருந்து அல்ல, முட்டை வெளியான நாளிலிருந்து. அது ஓரிரு நாள் தள்ளியிருந்தால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது; ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 14-ஆம் நாள் கரு உருண்டை ஏறத்தாழ 15 மி.மீ. இருக்கும், அந்த நாட்களில் தினமும் 3 மி.மீ.க்குச் சற்று மேல் வளரும். இரண்டு முட்டையும் வேறு வேறு நாளில் வெளியாகியிருந்தால் சிறியது முதல் ஸ்கேனில் தெரியாமலும் போகும். வயதான குதிரையென்றால் கருப்பையில் உள்ள நீர்க்கட்டி கரு போலவே ஏமாற்றும். அது நகராது, நாளுக்கு நாள் வளரவும் செய்யாது. உடைக்குமுன் இதை உறுதி செய்யச் சொல்லுங்கள். மாட்டுக்கு நன்றாக ஸ்கேன் பார்ப்பவருக்கெல்லாம் குதிரையில் கை பழகியிருக்காது. எத்தனை குதிரைக்கு இதைச் செய்திருக்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை.

உடைத்த இரண்டாம் நாள் ஒரு ஸ்கேன், 25-லிருந்து 28-ஆம் நாளுக்குள் இதயத் துடிப்புக்கு ஒரு ஸ்கேன். இரண்டு கருவும் இன்னும் இருந்தாலோ, மிஞ்சியதன் வளர்ச்சி சரியில்லை என்றாலோ, 35-ஆம் நாளுக்கு முன்பே பிஜி (புரோஸ்டாகிளாண்டின்) என்ற ஹார்மோன் ஊசி போட்டுக் கலைத்து அடுத்த பருவத்தில் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் கருப்பைச் சுவரில் உருவாகும் கிண்ணம் போன்ற திசுக்கள் ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும். பிறகு குட்டி உள்ளேயே செத்தாலும் குதிரை மாதக்கணக்கில் சரியாகப் பருவத்துக்கு வராது. அந்த ஆண்டே வீணாகும்.