தாதியாக வேலை செய்பவர்கள் நோயாளிகளின் ஏச்சையும் அவமரியாதையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்ட தங்கச்சி, நீங்கள் வேலைக்கு வந்து நாலு மாதம் என்றும், ஒரு நோயாளி வாட் முழுக்கக் கேட்கும்படி ஏசியதில் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றும், இந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் ஒரு அரச வைத்தியசாலையில் 14 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி ஆண்கள் மருத்துவ வாட்டில். அங்கே பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு அது முதல் வருடம். இரவு டியூட்டி, மாலை 7 மணிக்கு ஏறினால் அடுத்த நாள் காலை 7 மணிக்குத்தான் இறங்கலாம். விடியப்புறம் 3 மணி இருக்கும். மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவர், கடல் தொழில் செய்கிறவர், பகல் முழுக்க என்னை "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்ட மனிதர், திடீரென்று எழுந்து உட்கார்ந்து தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி எறிந்தார். அதோடு என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தையும் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, அதைக் கோபத்தில் வந்த வியர்வை என்று நினைத்துவிட்டேன். மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன். அன்றைக்கு என்னோடு இருந்த மூத்த மிஸ் உள்ளே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சீனி பார்த்தனீயா?"

ஓடிப்போய் இரத்தத்தில் சீனியைப் பார்த்தால் 41 mg/dL. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. பின்னேரம் சீனி வருத்தத்துக்கான குளிசையைப் போட்டவர், இரவுச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று தள்ளி வைத்திருக்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லை. டொக்டரைக் கூப்பிட்டு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து எங்களைச் சுற்றிப் பார்த்து, "பிள்ளை, ஏன் எல்லாரும் இங்க நிக்கிறியள்?" என்றார். எறிந்த கோப்பையும் ஏசிய வார்த்தையும் அவருக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. நான் அழுதுகொண்டு நின்ற நேரத்தில் அவருடைய மூளை குளுக்கோஸ் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து யாராவது ஏசினால் நான் முதலில் யோசிப்பது, இந்த ஆள் நேற்று இப்படி இருந்தாரா என்பதைத்தான். நேற்று நன்றாகக் கதைத்தவர் இன்றைக்குத் திட்டினால் அது பெரும்பாலும் வருத்தம் கதைக்கிற கதை. சீனி குறைந்திருக்கலாம், ஒட்சிசன் குறைந்திருக்கலாம், காய்ச்சல் ஏறியிருக்கலாம், வயதானவர் என்றால் சலத்தில் (சிறுநீரில்) கிருமி இருக்கலாம் அல்லது இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். விழுந்து தலையில் அடிபட்டவர் என்றால் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும், நல்லாத்தான் இருந்தார், இப்போ கொஞ்சம் கோபப்படுகிறார் என்று விட்டுவிடக் கூடாது. ஈரல் பழுதானவர்கள் இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டாலே குழம்பிப்போவார்கள், வயிறு போக வைக்கிற லக்டுலோஸ் பாணியை ஒழுங்காகக் கொடுத்து வயிறு போனால் அதே மனிதர் பழையபடி திரும்பி வருவார்.

குடிக்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வாட்டில் ஏச்சு அதிகம் வருவது அங்கிருந்துதான். கால் புண்ணுக்கோ நெஞ்சு நோவுக்கோ வந்து படுத்தவருக்கு அன்றாடம் போகிற சாராயமோ கசிப்போ நின்றுபோகிறது. முதல் நாளே கை நடுங்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம். சுவரில் எறும்பு ஊருகிறது என்பார், ட்ரிப்பைப் பிடுங்குவார், தடுக்கப்போனால் அடிப்பார். இது உயிரையே எடுக்கக்கூடிய நிலை, வெறும் குடிகாரச் சேட்டை என்று ஒதுக்கிவிட்டால் ஆள் போய்விடும். வீட்டுக்காரரை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டால் "எப்பவாவது கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, வெட்கப்படாமல் சொல்லுங்கோ அக்கா, மருந்து கொடுக்கத்தான் கேட்கிறம் என்றால் உண்மை வரும். அதை வாட்டுக்கு எடுத்த அன்றைக்கே கேட்டு டொக்டருக்குச் சொல்லிவிட்டால் முன்கூட்டியே மருந்தும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் தொடங்கலாம். மூன்றாம் நாள் இரவு நீங்கள் வாங்கவேண்டிய ஏச்சில் பாதி அங்கேயே நின்றுபோகும்.

அப்புறம் பாஷை. எங்கள் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே வாட்டில்தான் கிடக்கிறார்கள், தாதிமாரிலும் அப்படித்தான். குச்சவெளிப் பக்கத்து ஆச்சி ஒருவர் ஒரு சிங்களத் தாதியைக் காலையிலிருந்து விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டால், சலம் போக வேணும் என்று மூன்று தரம் சொல்லிவிட்டாராம், அந்தப் பிள்ளை மூன்று தரமும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கடைசியில் கட்டிலிலேயே போய்விட்டது. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய அவமானம்! அந்தத் தாதி அன்றைக்கே என்னிடம் இருந்து சலம், வெளிக்கு, நோகுது, குளிருது, தலை சுத்துது என்று இருபது சொல் எழுதி வாங்கிப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டாள். கந்தளாயில் இருந்து வருகிறவர்களுக்காக நானும் சிங்களத்தில் அதேபோல ஒரு துண்டு வைத்திருந்தேன், இப்போது அது தேவைப்படுவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருந்து விடியக் காலையில் பஸ் பிடித்து வருகிற கூலித் தொழிலாளியை "நீ", "வா", "போ" என்று கூப்பிடுகிற தாதிமார், டை கட்டிக்கொண்டு வருகிறவரை "சேர்" என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மனிதரின் மகன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான் இல்லையா? மாலைப் பார்வை நேரத்தில் அவன் வெடித்தால், அந்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது காலையில் நாங்கள் சொன்ன ஒரு "நீ". நான் எங்கள் வாட்டுக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன், யாராக இருந்தாலும் ஐயா, அம்மா, அண்ணா, வாப்பா, உம்மா, வாங்கோ, இருங்கோ.

உறவினர்களின் கோபம் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல் காத்திருப்பதில் இருந்து வருவது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதை முழுதாக அனுபவித்தோம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, அதெல்லாம் முடித்து வைத்தியசாலைக்கு வந்தால் இந்த ஊசி மருந்து இங்கே இல்லை, வெளிப் பாமசியில் வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பது நாங்கள். அரசாங்கத்தைத் திட்டவேண்டிய திட்டு எல்லாம் வெள்ளை உடுப்பின் மேல் விழுந்தது. நாங்களும் டியூட்டிக்கு வரப் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்தவர்கள்தான், ஆனால் அதை அவர்களிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்த நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, தெரிந்ததை நேரத்தோடு சொல்வது. "பெரிய டொக்டர் 9 மணிக்கு ரவுண்ட் வருவார், அப்ப நான் கேட்டுச் சொல்றன்." சொன்னால் 9 மணிக்குக் கேட்டே ஆக வேண்டும், பதில் கிடைக்காவிட்டாலும் போய், இன்னும் தெரியவில்லை அண்ணா என்றாவது சொல்ல வேண்டும். போகாமல் விட்டால் அடுத்த தரம் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

சரி, இப்போது உங்களுக்கு நடந்ததற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த மனிதருக்குக் குழப்பமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தெளிந்த புத்தியோடு, வேண்டுமென்றே, உங்கள் சாதியையும் உடம்பையும் வைத்து ஏசியிருக்கிறார். அதைப் பொறுத்துக்கொள்வது சேவை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம்பளத்துக்குள் அது அடங்காது.

எனக்கும் அப்படி ஒருவர் வந்தார், படித்தவர், நல்ல உத்தியோகம், டொக்டர் வந்தால் ஆங்கிலத்தில் அவ்வளவு பணிவாகக் கதைப்பார். இளம் பிள்ளைகள் ஊசி போடப் போனால் மட்டும் அசிங்கமாகக் கதைப்பார், ஒரு நாள் ஒருத்தியின் கையைப் பிடித்துவிட்டார். நான் போய்க் கட்டிலுக்கு ஒரு கை தூரம் தள்ளி நின்று, சத்தம் போடாமல் சொன்னேன்: "ஐயா, மருந்து தரத்தான் இந்தப் பிள்ளை வந்தவ. இப்பிடிக் கதைக்க ஏலாது. இனி இரண்டு பேராத்தான் வருவம், நீங்கள் சொல்றதை அப்பிடியே எழுதுவம்." எழுதவும் செய்தேன், நேரம் போட்டு, அவர் வாயில் வந்த சொல்லையே போட்டு. இதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது, நாளைக்கு விசாரணை வந்தால் உங்கள் பக்கம் நிற்கவும் அதற்குப் பலம் இல்லை. பொறுப்புச் சிஸ்டருக்கும் டொக்டருக்கும் அன்றைக்கே சொன்னோம். அடுத்த நாள் ரவுண்டில் வைத்திய நிபுணரே கட்டிலடியில் நின்று அவரிடம் கதைத்தார். அதன்பிறகு அந்த வாய் திறக்கவில்லை.

கை நீட்டினால் கதை வேறு. அரச ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், பொலிஸ் முறைப்பாடு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். நிர்வாகம் சமாதானமாகப் போகச் சொல்லும், எனக்குத் தெரியும். பதிவு இருந்தால் அப்படிச் சொல்வது அவர்களுக்கும் கடினம். ஒருவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே போகிற வழியை மறித்து நிற்காதீர்கள், நீங்களும் விலகிப் போக வழி இருக்கட்டும், ஒரு ஆள் மட்டும் கதைக்கட்டும், ட்ரொலியில் கத்தரிக்கோல் இருந்தால் முதலில் அதைத் தள்ளுங்கள்.

சாப்பாடு இறங்கவில்லை என்றீர்களே, அதற்கு ஒன்று. நான் டியூட்டி முடிந்து நேரே வீட்டுக்குப் போகாத நாட்கள் உண்டு. கோட்டைக்குள் ஏறிக் கோணேசர் கோவிலடியில் இருந்து கடலைப் பார்த்துவிட்டு, வழியில் மான்கள் நிற்கும், கொஞ்ச நேரம் அதுகளோடு நின்றுவிட்டுத்தான் போவேன். அதைவிட உதவியது அன்றைக்கு நடந்ததைக் கூட வேலை செய்கிற ஒருவரிடம் சொல் விடாமல் சொல்லிவிடுவது, வீட்டாருக்குச் சொன்னால் அவர்கள் பயந்துபோய் வேலையை விடு என்பார்கள்.

நாளைக்கு நீங்கள் டியூட்டிக்குப் போகும்போது அந்த ஆள் அதே கட்டிலில்தான் கிடப்பார். பொறுப்புச் சிஸ்டரிடம் கேட்டு இரண்டு நாளைக்கு அந்தப் பக்கத்தை வேறு ஒருவருக்கு மாற்றி வாங்குங்கள், இதில் வெட்கம் இல்லை, நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் செய்து கொடுப்பதுதான். நடந்ததை இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், இன்று இரவு டியூட்டி இல்லை, பதில் போடுகிறேன்.