சீசனல் பீர் என்றால், சீசன் முடிந்ததும் வேலை போய்விடுமா?

கேட்டிருப்பவர் குன்னூர்க்காரர். தம்பிக்கு பெங்களூரில், சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிற ஒரு ப்ரூபப்பில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் ‘சீசனல் பீர் பிரிவு, உதவியாளர்’ என்று போட்டிருக்கிறார்களாம். ‘சீசன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? அம்மா அழுகிறார், அனுப்பலாமா வேண்டாமா?’ என்று கேட்கிறார்.

முதல் பாதியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நம் மலையில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். நமக்கு சீசன் என்றால் ஏப்ரல், மே. மலர்க் கண்காட்சி, பர்லியார் வரை நிற்கிற வண்டிகள், லாட்ஜில் இரண்டு மாதத்துக்கு ரூம் பாய் வேலை. ஜூனில் மழை பிடித்ததும் ‘அடுத்த வருஷம் வாப்பா’ என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் பாதியில் சிரிப்பு போய்விட்டது. 2016-ல் என் அம்மாவும் அழுதார். அதிலும் நான் பெண்.

நான் கோத்தகிரி. கோவையில் மைக்ரோபயாலஜி படித்தேன். அந்தப் படிப்புக்கு ஊரில் கிடைப்பது ரத்தப் பரிசோதனை நிலையம்தான். கல்லூரி சீனியர் ஒருவர் மூலம் பெங்களூர் ப்ரூபப் ஒன்றில் ஈஸ்ட்டை, அதாவது பீரைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிரை, பார்த்துக்கொள்கிற வேலை வந்தது. பெயர் வேண்டாம். ஆறு வருடம் இருந்தேன். நம் மாநிலத்தில் அப்போது அப்படி ஓர் இடமே கிடையாது. சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். அதனால் பெங்களூர்.

‘குடிக்கிற தொழிலுக்கு விளம்பரமா’ என்று கீழே யாராவது எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா குடித்தே செத்தவர். நாற்பத்தி மூன்று வயது. குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குடியுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சீசனல் விஷயம் இதுதான். ப்ரூபப்பில் நாலைந்து பீர் வருடம் முழுக்க ஓடும். கோதுமை பீர், லாகர், கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ., கறுப்பு ஸ்டவுட் இப்படி. ஒன்றிரண்டு குழாய் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். மாம்பழக் காலத்தில் மாம்பழம், மழையில் காபி போட்ட கறுப்பு, செப்டம்பர் கடைசியில் மார்ட்சன், கிறிஸ்துமஸுக்கு பட்டை கிராம்பு. அந்தக் குழாய்க்குப் பொறுப்பானவர்களுக்கு வருடம் பூரா வேலை இருக்கும். சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிகம். மக்கள் ஏப்ரலில் குடிக்கப்போவதை பிப்ரவரியில் முடிவு செய்தாக வேண்டும். லாகர் வகை என்றால் பத்து டிகிரிப் பக்கத்தில் புளிக்கவைத்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே நாலைந்து வாரம் கிடத்த வேண்டும். செப்டம்பர் பீருக்கு ஜூலையில் உலை வைப்போம்.

மார்ட்சன் என்ற பெயரே மார்ச் மாதத்திலிருந்து வந்தது. 1553-ல் ஜெர்மனியின் பவேரியாவில், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணையே போட்டார்கள். கோடையில் காய்ச்சினால் கெட்டுவிடும். அதனால் மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, நிலவறையில் குளிரில் வைத்து, கோடையை ஓட்டினார்கள். மிச்சத்தை இலையுதிர் காலத்தில் காலி செய்தார்கள். நம் வீடுகளில் ஆவக்காய் போடுவதற்கு ஒரு மாதம், வடகம் போடுவதற்கு ஒரு மாதம் இருக்கிறதே, அதே கதைதான். அப்போது ஃப்ரிட்ஜ் இல்லை.

இனி வேலை. தம்பியிடம் இதை அப்படியே காட்டுங்கள். காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். 500 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 110 கிலோ மால்ட். மூட்டை 25 கிலோ, நாலரை மூட்டையைத் தூக்கி மில்லில் கொட்டினால் மூக்கெல்லாம் மாவு. மால்ட் என்றால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பார்லியை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்தது. நம் வீட்டு ராகி மால்ட்டின் அண்ணன். உடைத்ததை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்தக் கஞ்சித் தண்ணியை வடித்து, ஹாப்ஸ் (கசப்புக்காகச் சேர்க்கிற ஒரு கொடியின் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மளமளவென்று இருபது டிகிரிக்கு ஆற்றி, ஈஸ்ட் சேர்க்க வேண்டும்.

வேலை அதோடு முடியாது. மால்ட் ஊறின பாத்திரமான மேஷ் டன்னுக்குள் மண்வெட்டி விட்டு, ஆவி பறக்கும் ஈரச் சக்கையை வாரி வெளியே தள்ள வேண்டும். மாட்டுக்காரர் டெம்போவோடு வருவார். அவர் வராத நாள் மாலைக்குள் புளித்து, பக்கத்து அப்பார்ட்மென்ட்டிலிருந்து போன் வந்துவிடும். பிறகு கழுவுதல். தரை கழுவு, குழாய் கழுவு, டாங்கைக் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவு, ஆசிட் விட்டுக் கழுவு. பத்து மணி நேர வேலையில் எட்டு மணி நேரம் கழுவுவதுதான் என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். என் இடது மணிக்கட்டில் காஸ்டிக் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. ‘தினமும் ஓசியில் குடிக்கலாமே’ என்று கேட்கிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். ருசி பார்க்கிறோம், உண்மைதான். ஒரு மடக்கு, காலை பதினோரு மணிக்கு, நோட்டோடு. வெண்ணெய் வாசம் வருகிறதா, வேகவைத்த சோள வாசம் வருகிறதா என்று பார்த்து எழுதுவோம். சந்தோஷத்துக்குக் குடிக்கிற நேரமா அது?

அம்மா ஊரில் என்ன சொன்னார் தெரியுமா? ‘பொண்ணு மால்ட் கம்பெனியில இருக்கா.’ பொய் இல்லையே. ஆனால் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் பக்கத்து வீட்டு அக்கா, ‘ஏங் கண்ணு, பாப்பாவுக்கு ரெண்டு டப்பா சத்துமாவு கொண்டாந்திருக்கலாமல்ல’ என்று கேட்பார். இரண்டு முறை நான் கடையில் வாங்கியே கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் ப்ளம் கதை. மூன்றாவது வருடம் ‘கோடைக்கு மாம்பழம் எல்லாரும் போடுகிறார்கள், நாம் எங்கள் ஊர் ப்ளம் போடலாம்’ என்று நான்தான் கேட்டேன். எங்கள் ஊரில் மே, ஜூனில் தோட்டத்து ஓரம் காய்த்துக் கொட்டும். கீழே விழுந்ததை ஆளில்லாமல் விட்டுவிடுவோம். அறுபது கிலோ. அப்பாவும் நானும் தேயிலைக் கூடையில் பறித்து, வைக்கோல் போட்டு நாலு பெட்டியில் அடுக்கினோம். இரவு பஸ் சரிப்படாது, பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். விடியற்காலை ஊட்டிக்குப் போய், அங்கிருந்து மைசூர் வழியாகப் போனேன். கல்லட்டி இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் பெட்டிகள் என் முழங்காலில் இடித்தன. கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

கொட்டை எடுத்து, காட்டு ஈஸ்ட் சாக 75 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கி, ஆற வைத்து, புளித்து அடங்கிய கோதுமை பீருக்குள் விட்டோம். பழத்துச் சர்க்கரையைக் கண்டதும் ஈஸ்ட் மறுபடி எழுந்துகொள்ளும், அது தெரிந்ததுதான். தோலை வடிகட்டாமல் விட்டது என் தப்பு. நிறம் வேண்டும் என்று ஆசை. அன்று இரவு ஒரு மணிக்கு வாட்ச்மேன் போன். தருமபுரிக்காரர்.

‘அம்மணி, உங்க டாங்க் சீறுது. பாம்பு மாதிரி.’

ஹெல்மெட் கழற்றாமல் உள்ளே ஓடினேன். காற்று வெளியேறுகிற குழாயை ப்ளம் தோல் அடைத்திருந்தது. அழுத்தம் தாங்காமல் சேஃப்டி வால்வு திறந்து, ஊதா நுரையைக் கூரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. வால்வு மட்டும் வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பதில் இல்லை. எண்பது லிட்டர் போச்சு. விடியும் வரை சுவரைக் கழுவினேன். கூரையில் மட்டும் கறை போகவே இல்லை, நான் வேலையை விட்டு வரும்போதும் இருந்தது.

மிச்சம் நன்றாகத்தான் வந்தது. இளஞ்சிவப்பு, ஓரத்தில் தோல் துவர்ப்பு. போர்டில் ‘கோத்தகிரி ப்ளம்’ என்று எழுதச் சொன்னேன். மார்க்கெட்டிங் பையன் சொன்னான்: ‘கோத்தகிரின்னா யாருக்குத் தெரியும்? ஊட்டின்னு போடலாம்.’ ஊட்டி என்றே போட்டான். முதல் நாள் முதல் கஸ்டமர் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘மேங்கோ இல்லையா?’ என்றார்.

ஊட்டி என்று போட்டவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ‘பீர் எல்லாம் நம் ஊருக்குப் புதுசு’ என்கிறவர்களுக்கும்தான். நீலகிரியில் 1857-லேயே காசில் ப்ரூவரி என்று ஒன்று வந்துவிட்டது. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் காய்ச்சினது. மலையைத் தேடி வந்ததற்குக் காரணம் குளிர். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சமவெளியில் காய்ச்சினால் புளித்துப்போகும். வடக்கே கசோலி, மர்ரி, தெற்கே நம் மலை. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காசில், நீல்கிரிஸ் உட்பட ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைட்டட் ப்ரூவரீஸ் தொடங்கினார். இன்று அதன் தலைமையகம் பெங்களூர். படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) அந்தக் காலத்தில் பார்லி விளைந்தது, இன்று அந்த நிலமெல்லாம் தேயிலை. குளிர்பதனப் பெட்டி வந்ததும் தொழில் கீழே இறங்கிவிட்டது. பின்னாலேயே நானும் இறங்கிப் போனேன்.

மறுபடி மலையில் காய்ச்ச முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், அடுப்பைச் சொல்கிறேன். ஒரு லீவில் ஹாப்ஸ் கணக்குப் போட, வேலையிடத்துத் தெர்மாமீட்டரை அம்மாவின் பருப்புச் சட்டியில் விட்டுப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது, 94-க்கு மேல் ஏறவில்லை. ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறையும். ஹாப்ஸின் கசப்பு கொதிக்கிற சூட்டில்தான் பீரில் இறங்கும். சூடு குறைந்தால் கூடுதலாகப் போட வேண்டும், அல்லது கூடுதல் நேரம் கொதிக்க வேண்டும். ‘பொங்கிடுச்சில்ல, அப்புறம் என்னத்த அளக்கற?’ என்றார் அம்மா. எங்கள் ஊரில் குக்கர் இல்லாமல் ராஜ்மா வேகாத காரணமும் அதுதான். ஆனால் தண்ணீர் அருமை. கல்லில் வடிந்து வருகிற மிருதுவான தண்ணீர். பெங்களூரில் போர்வெல் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டு, உப்பை எல்லாம் எடுத்து, மறுபடி கிராம் கணக்கில் சேர்ப்போம்.

கிராம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாப்ஸைப் பத்து கிராம் கூடக் குறைய எடுத்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள். எங்கள் அப்பா மழை நாளில் தேயிலை ஃபேக்டரியில் நூறு கிலோ பச்சை இலை போட்டால், ‘தண்ணிக் கழிவு’ என்று பன்னிரண்டு கிலோவைக் கண்ணால் பார்த்தே கழிப்பார்கள். எந்த மீட்டரும் கிடையாது. வெயில் நாளில் கழிவு பூஜ்யமாக வேண்டும் அல்லவா? அப்போதும் ஐந்து. விலை என்ன என்று அடுத்த மாதம்தான் தெரியும். விற்கிறவனுக்குத் தன் சரக்கின் விலை தெரியாத வியாபாரம் வேறு எங்காவது உண்டா? சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்யாணப் பேச்சில் இந்த வேலை இடிக்கும், அதையும் மறைக்கவில்லை. எனக்கு இரண்டு இடம் தட்டிப்போனது. ஒரு மாப்பிள்ளை வீட்டில் ‘பொண்ணு சாராயம் காய்ச்சுதாம்’ என்றார்கள். அந்த மாப்பிள்ளை வார இறுதியில் எங்கள் மாதிரி ஒரு ப்ரூபப்பில்தான் உட்கார்ந்திருப்பார் என்று பிறகு தெரிந்தது. தம்பி ஆண் என்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

2022-ல் அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போய், திரும்பி வந்துவிட்டேன். இப்போது அதே ப்ளம்மில் ஜாம் போட்டு விற்கிறேன். அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார். ஊதியம் அங்கே வாங்கியதில் பாதி.

அதனால், அனுப்புங்கள். சீசன் முடிந்தாலும் வேலை இருக்கும். முதல் ஆறு மாதம் தம்பி போன் செய்தால் குரல் செத்திருக்கும், இடுப்பு வலி, பயப்பட வேண்டாம். போன உடனே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பீர் புளித்த காலி டாங்குக்குள் தலையை விடவே கூடாது, உள்ளே கரியமில வாயு தேங்கி நிற்கும், மயங்கி விழுந்தால் எழுந்திருக்க முடியாது. எவ்வளவு அவசரம் என்று யார் சொன்னாலும் சரி. காஸ்டிக் எடுக்கும்போது கண்ணாடியும் முழுக்கைக் கையுறையும் அவர்கள் தராவிட்டால் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பூட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள், உள்ளே இரண்டு சாக்ஸ். பேன்ட்டை பூட்டுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே சொருகக் கூடாது. சொருகினால் கொதிக்கிற தண்ணீர் தெறித்தால் நேரே பாதத்துக்கு இறங்கும்.