எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குக் கேமராவோடு: வாசகர் கேள்விகள்

அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறோம். 16-35, 24-70, 70-200 மி.மீ. மூன்று லென்ஸையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா?
- திருச்சி வாசகர்

தூக்கலாம். நாலாம் நாள் இரண்டை லாட்ஜ் அறையிலேயே விட்டுவிட்டு நடப்பீர்கள். வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும், கனமான எஃப் 2.8 லென்ஸ்களாக இருந்தால் கேமராவோடு சேர்த்து 3 கிலோவைத் தாண்டும். நடை தொடங்கும் லுக்லாவுக்கான விமானத்தில் ஓர் ஆளுக்குப் பொதுவாக 15 கிலோதான். குளிர் உடுப்பு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு கேமரா, ஒரு 24-105 எஃப் 4 போதும். கை பரபரத்தால் எடை குறைந்த 70-200 எஃப் 4 ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 16-35 வைடு லென்ஸை விட்டுவிடலாம். 16 மி.மீ.யில் அமா டப்லம் சிகரம் கூடச் சின்ன முக்கோணமாகச் சுருங்கிவிடும். அகலம் வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தாறு படம் எடுத்து, ஊருக்கு வந்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவைப் போர்ட்டர் சுமக்கும் மூட்டையில் மட்டும் போடாதீர்கள். வெளிச்சம் கூடிவரும் நேரத்தில் அந்த மூட்டை அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தோள்பட்டை வாரில் கிளிப் போட்டு மாட்டினால், நிற்காமலே கைக்கு வரும்.

எத்தனை பேட்டரி வேண்டும்? மேலே சார்ஜ் போட முடியுமா?
- மதுரை வாசகர்

மிரர்லெஸ் கேமரா என்றால் நான்கு அல்லது ஐந்து. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. பாதி சார்ஜ் இருக்கும்போதே 'காலி' என்று காட்டும். தூக்கி எறிய வேண்டாம், உடம்புச் சூட்டில் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். பகலில் உள்சட்டைப் பையில் இரண்டு, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் எல்லாமே.

லாட்ஜ்களில் சார்ஜ் போடக் காசு வாங்குவார்கள்; மேலே போகப் போகக் கட்டணமும் ஏறும். அங்கே பெரும்பாலும் சோலார்தான், மேகம் மூடினால் அதுவும் இல்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட் அவர், விமானத்துக்கான 100 வரம்புக்குள் வரும். அதையும் உதிரி பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

படங்களைச் சேமிக்கத் தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சாதாரண டிஸ்க்குகள் பலவும் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரைக்குமே இயங்கும்படி செய்யப்பட்டவை. சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி எடுங்கள்.

தினமும் 10 கி.மீ. ஓடுகிறேன். எனக்கும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? டயமாக்ஸ் மாத்திரை போடலாமா?
- கோவை வாசகர்

ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஓட்டப்பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும் நல்லதே. ஆனால் உயரத்துக்குப் பழக உயரத்தில் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. 5,364 மீட்டர் பேஸ் கேம்ப்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. வழியிலுள்ள நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒரு நாள் தங்குவது இதற்காகத்தான். அன்று 300, 400 மீட்டர் ஏறிப் படமெடுத்துவிட்டு, தூங்கக் கீழே வந்துவிடுங்கள்.

படமெடுப்பவர்களுக்கென்றே இரண்டு வம்பு உண்டு. நின்று படமெடுத்துவிட்டுக் குழுவைப் பிடிக்க ஓடுவது முதலாவது. தலைவலியைக் கூப்பிட்டு அழைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. கடைசி ஆளாக நடப்பதாகக் கைடிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஷட்டரை அழுத்தும்போது மூச்சைப் பிடிப்பது. மேலே அதற்குப் பிறகு அரை நிமிஷம் இரைக்கும். மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பாருங்கள்.

டயமாக்ஸை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். தடுப்புக்காக வழக்கமாகத் தருவது 125 மி.கி., தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா அலர்ஜி இருந்தால் அவரிடம் சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரையால் விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். உயரத்தில் தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்று வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

வெளியிலிருந்து அறைக்குள் வந்தால் லென்ஸில் நீர் கோக்கிறதே?
- நாகர்கோவில் வாசகர்

சாணமெரியும் அடுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் சாப்பாட்டுக்கூடத்தில் காற்று ஈரமாக இருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் அது படிகிறது. வெளியிலேயே பேட்டரியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடி, ஒரு மணி நேரமாவது திறக்காமல் வையுங்கள். துணியால் துடைப்பது வீண், உள்ளே படிந்ததைத் துடைக்க முடியாது.

காலாபத்தர் மேட்டில் எவரெஸ்ட்டைப் படமெடுக்க விடியற்காலையா, மாலையா?
- சேலம் வாசகர்

மாலை. சூரியன் எவரெஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் நமக்குத் தெரியும் முகம் நிழலில் இருக்கும். அஸ்தமனத்தில்தான் அது சிவக்கும். ஆனால் பிற்பகலில் மேகம் ஏறும் அபாயம் உண்டு, இருட்டில் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் அடிவாரத்து லாட்ஜ்கள் உள்ள கோரக்ஷேப்புக்கு இறங்கவும் வேண்டும். கைடுகள் விடியலையே விரும்புவது இதனால்தான். காலையில் போக நேர்ந்தால் திரும்பி நின்று புமோரி சிகரத்தை எடுங்கள், முதல் வெயில் அதன்மேல் விழும். பனி சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றி, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் முட்டாமல் பாருங்கள்.

ட்ரோன்?
- சென்னை வாசகர்

வேண்டாம். நேபாளத்தில் ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும், எவரெஸ்ட் இருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் தனி அனுமதி வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் மீட்பு ஹெலிகாப்டர்களும் பறக்கின்றன.