இயங்குதளம் புதிது, லேப்டாப் அசையவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு வரும் கடிதங்களில் பாதி ஒரே ரகம்தான்.

கேள்வி: விண்டோஸ் 11 போட்டேன். லேப்டாப் அடிக்கடி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

என்ன மாடல், எவ்வளவு ரேம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எந்த வேலையின்போது நிற்கிறது? இதில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். நாடி பிடிக்கக் கையை நீட்டாமல் மருந்து கேட்கிறீர்கள்.

கேள்வி: 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க். நேற்று நிறுவியதிலிருந்து நின்று நின்று ஓடுகிறது.

முதல் நாளில் விண்டோஸ் அப்டேட்டுகளை இறக்கும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதனையும் நடத்தும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்பது அதனால்தான். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை நிறுத்திவைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாளும் அதே கதை என்றால், டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று காட்டினால் டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது. வேறெதையும் தொடாமல் முதலில் பேக்கப் எடுங்கள்.

கேள்வி: 2016-ல் விண்டோஸ் 10 உடன் வாங்கிய ஐ5 லேப்டாப், ஆறாம் தலைமுறை. கடையில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் 11 புரோ போட்டுத் தந்தார்கள். வீடியோ பார்த்தால் உறைந்துபோகிறது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிபெண்டரையும் காணவில்லை.

காணாமல் போகவில்லை, கழற்றி எறிந்திருக்கிறார்கள். கடைக்காரரின் பென் டிரைவில் இருப்பது யாரோ வெட்டி ஒட்டிய 'லைட்' பதிப்பாக இருக்கும். அப்டேட் வராது. டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை, ஒரு டிரைவர் பேக் மொத்தமாக அள்ளிக் கொட்டியிருக்கும். பொருந்தாத கிராஃபிக்ஸ் டிரைவர் வீடியோ ஓடும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்குத் திருட்டு விண்டோஸ் தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸிலேயே (மதர்போர்டு சிப்பில் இருக்கும் தொடக்க மென்பொருள்) உரிமச் சாவி பதிந்து வருகிறது. உங்களுடையது ஹோம் சாவியாக இருக்கும். கடைக்காரர் புரோ போடுகிறார், சாவி பொருந்துவதில்லை, உடனே உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டரை ஓடவிடுகிறார். அந்த ஆக்டிவேட்டர் ஓடத்தான் டிபெண்டரை அணைக்க வேண்டியிருக்கிறது. அந்த லேப்டாப்பில் உட்கார்ந்து நீங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள்!

பேக்கப் எடுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10 ஹோம் இறக்கிச் சுத்தமாக நிறுவுங்கள். இணையத்தில் இணைத்ததும் உரிமம் தானாக ஏறிவிடும். டிரைவர்களை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண் கொடுத்து எடுங்கள், வேறெங்கிருந்தும் வேண்டாம். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அதிகாரபூர்வமாக இல்லை. விண்டோஸ் 10-க்கு, பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை உண்டு. அதன்பின் இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட்.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் நிறுவினேன். லோகோ வந்ததும் திரை நிற்கிறது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு.

உபுண்டுவோடு வரும் நுவோ டிரைவர் சில கார்டுகளோடு ஒத்துப்போவதில்லை. லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' (E) அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்குத்தான். உள்ளே போனதும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் என்விடியாவின் டிரைவரை நிறுவிவிடுங்கள்.

கேள்வி: செலரான் என்2840, பழைய லினக்ஸ். நினைத்த நேரத்தில் மவுஸ் உட்பட எல்லாம் நிற்கிறது.

இது இன்டெல்லின் பே டிரெயில் வகை சிப். சும்மா இருக்கும்போது ஆழ்ந்த உறக்கநிலைக்கு இறங்கி எழ முடியாமல் போவது இதன் பழைய நோய். புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) போடுங்கள். அப்போதும் நின்றால் கெர்னல் அமைப்பில் சி-ஸ்டேட் (உறக்கநிலையின் ஆழம்) உச்சவரம்பை 1 ஆக்குங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

கேள்வி: விண்டோஸ் 11 பிடிக்கவில்லை. பழையதற்குத் திரும்ப முடியுமா?

மேம்படுத்திப் பத்து நாள் ஆகவில்லையென்றால் செட்டிங்ஸில் ரெகவரி பகுதிக்குப் போய் 'கோ பேக்' கொடுங்கள். இடம் போதவில்லை என்று 'விண்டோஸ்.ஓல்ட்' போல்டரை அழித்திருந்தால் அதுவும் இல்லை. பேக்கப் எடுத்தீர்களா?

கேள்வி: நின்றுபோனால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாமா?

அதற்கு முன் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை இமைத்து உயிர் வந்தால் கோளாறு பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவரில்தான். வராவிட்டால் பட்டனைப் பிடியுங்கள். அப்டேட் ஓடும்போது மட்டும் வேண்டாம்.