கதவுக்குப் பின்னால் நிற்கும் நிழல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் இலங்கையின் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடொன்றில், வசிக்கும் முன்பள்ளி ஆசிரியை. விளக்கை அணைத்ததும் என் ஐந்து வயது மகன் அழுகிறான். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொல்கிறான்; அங்கே தொங்குபவை என் அம்மாவின் கொழுந்துக் கூடையும் கம்பளியும்தான். இரவில் வெளியே உள்ள கழிப்பறைக்குப் போகவும் மறுக்கிறான். போத்தலில் நிறத் தண்ணீர் நிரப்பி, 'பேய் விரட்டும் மருந்து' என்று சொல்லிக் கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம் என்பதே என் கருத்து. சில பிள்ளைகள் அதனால் அமைதியடையலாம். ஆனால் மருந்தைக் கையில் கொடுக்கும்போதே, விரட்டப்பட வேண்டிய பேய் ஒன்று அறைக்குள் இருப்பதைத் தாயே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. கற்பனை வளரும் வயதில்தான் இந்த அச்சமும் வளர்கிறது என்பதால், அந்தக் கற்பனைக்கே ஒரு கைவேலை கொடுப்பது நல்லது.

அந்தக் கூடையிலிருந்தே தொடங்குங்கள். பகலில், கூடை சுமந்த ஒரு பாட்டியையும் கம்பளி போர்த்திய ஓர் ஆளையும் அட்டையில் வெட்டச் சொல்லி, ஈர்க்கில் ஒட்டச் செய்யுங்கள். இருட்டியதும் டோர்ச் வெளிச்சத்தின் முன் அவனே அவற்றைப் பிடிக்கட்டும். வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோனால் நிழல் கூரைவரை வளரும், சுவருக்கு அருகே கொண்டுபோனால் சுருங்கும் என்பதைத் தன் கையாலேயே அவன் கண்டுகொள்வான். பிறகு உண்மையான கூடையை இறக்கி, அதன் நிழலையும் அவனையே வரவழைக்கச் சொல்லுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, என் பேத்தியுடன் இதைத்தான் செய்தேன். நான் நேர்த்தியாக வெட்டிக் கொடுத்த முயலை அவள் தொடவேயில்லை. தானே கோணல்மாணலாக வெட்டிய நாயைத்தான் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஆகவே மகன் வெட்டியதைத் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

கழிப்பறைக்குச் செல்ல, வெசாக் பண்டிகைக் காலத்தில் நம் ஊர்களில் தொங்கும் தாள் விளக்குக் கூடுகளைப் போன்ற சிறிய ஒன்றை மூங்கில் சிம்பிலும் வர்ணத் தாளிலும் செய்யுங்கள். உள்ளே பற்றரி விளக்கு மட்டுமே இருக்கட்டும். மெழுகுவர்த்தியும் குப்பி விளக்கும் லயத்தில் ஆபத்தானவை. வெளியே ஒன்றுமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மலைநாட்டுத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும், கூட்டை அவன் ஏந்தி வரட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதால், விளக்கணைத்த முதல் நிமிடங்களின் இருளே பிள்ளைக்கு மிகக் கடுமையானது. அந்நேரம் அருகில் இருந்து, அதே கூட்டைப் படுக்கையருகே எரியவிடுங்கள். சில நாள்களுக்கு ஒருமுறை அதன்மேல் இன்னொரு தாளை அவனே ஒட்டினால், வெளிச்சம் சிறிது சிறிதாக மங்கும். அடுத்த தாளை எந்த இரவில் ஒட்டுவது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். ஒட்டிய தாளைக் கிழித்துவிடக் கேட்டால், மறுக்காமல் கிழித்துவிடுங்கள்.