டக் ஷாப் காசு செவ்வாய்க்கிழமையே காலி

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பள்ளித் தின்பண்டக் கடையான டக் ஷாப்பில் வாங்கிச் சாப்பிட திங்கட்கிழமை 50 ராண்ட் கொடுக்கிறேன். செவ்வாய் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. புதன்கிழமை அவன் முகத்தைப் பார்த்து ஆயா (அவன் பாட்டி) பத்து, இருபது என்று கொடுத்துவிடுகிறார். பேசாமல் தினமும் பத்து ராண்டாகக் கொடுத்துவிடலாமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: கொடுக்கலாம், உங்களுக்குத் தலைவலி குறையும். ஆனால் பையன் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான். தினமும் வரும் பத்து ராண்டை அன்றே செலவழித்துவிடுவான், நாளைக்கு என்று யோசிக்க வேண்டிய அவசியமே வராது. அதே சமயம் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நாள் என்பது ரொம்ப தூரம். முதலில் இரண்டு தவணையாகக் கொடுங்கள்: திங்கட்கிழமை 20, புதன்கிழமை 30. அது பழகியபின் வாரத்துக்கு ஒருமுறை.

50 ராண்ட் நோட்டாகக் கொடுக்க வேண்டாம். அதை ஒருமுறை மாற்றிவிட்டால் மீதிச் சில்லறை எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது. ஐந்து ராண்ட் நாணயங்களாக மாற்றி, ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் அவனையே நாள்வாரியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். 2023-ல் வந்த புது நாணயங்களில் ஐந்து ராண்டில் திமிங்கலம், ஒரு ராண்டில் ஸ்பிரிங்பாக் மான், பத்து சென்ட்டில் தேனீ. பழைய நாணயங்களும் செல்லும் என்பதால் இரண்டையும் அடையாளம் தெரிந்தால்தான் கடையில் மீதியைச் சரியாக எண்ணி வாங்குவான்.

அப்புறம் ஆயா. உண்மையில் சிக்கல் அங்கேதான். வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா போகிறது என்றால் புதன்கிழமை அவன் பட்டினி கிடக்கப்போவதில்லை, சிப்ஸ்தான் கிடையாது. அந்த ஏக்கம் அவனுக்கு வேண்டும். ஆயாவிடம் கொடுக்காதே என்று சொல்லி எந்த வீட்டில் நடந்திருக்கிறது? கொடுக்கும் நாளை மட்டும் மாற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பையன் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறானோ, அதே அளவு ஆயா சேர்த்துப் போடட்டும். மிச்சம் இல்லையென்றால் ஆயாவிடமிருந்தும் ஒன்றும் கிடையாது. ஆயாவுக்கும் கொடுத்த திருப்தி இருக்கும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்தாள். அலமாரியில் 18.99 ராண்ட், பில் போடும் இடத்தில் 21.99. "கம்ப்யூட்டரில் உள்ள விலைதான்" என்றார்கள். வரி சேர்த்திருப்பார்களோ என்று நானும் கொடுத்துவிட்டேன். (ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்)

பதில்: வரி இல்லை. அலமாரியில் காட்டும் விலையிலேயே வாட் வரி அடங்கியிருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு, காட்டிய விலைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைத்தான் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள டிவியில் 19.99 என்று ஒட்டியிருந்தால் அது வேறு, பார்த்தாலே தெரியும் பிழைக்குக் கடையைக் கட்டிப்போட முடியாது. மூன்று ராண்ட் வித்தியாசம் அந்த வகையில் சேராது. அடுத்தமுறை மகளையே அலமாரிக்கு அழைத்துப்போய் விலையைக் காட்டச் சொல்லுங்கள், மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கடையில் தரும் பில் ஸ்லிப்பைவிட நல்ல கணக்குப் புத்தகம் கிடையாது. நீங்கள் பையில் சாமான் அடுக்கும்போது ஸ்லிப் அவள் கையில் இருக்கட்டும். எதற்கு வரி, எதற்கு இல்லை என்று வீட்டில் பிரிக்கச் சொல்லுங்கள். அரிசி, பால், முட்டை, பருப்பு, காய்கறிக்கு வரி இல்லை. பிரவுன் ரொட்டிக்கு இல்லை, வெள்ளை ரொட்டிக்கு உண்டு. ஏன் என்று கட்டாயம் கேட்பாள். ஏழை வீடுகளின் அன்றாடச் சாப்பாட்டுக்கு வரி வேண்டாம் என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, வெள்ளை ரொட்டி அதில் இல்லை என்று சொல்லுங்கள். சிப்ஸ், கூல்டிரிங், மிட்டாய் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம், 2018 முதல். 23 ராண்ட் சிப்ஸ் பாக்கெட்டில் 3 ராண்ட் வரி என்று அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தைக்குப் போகும்போதும் 50 ராண்டைக் கையில் கொடுத்து, இந்த வாரத் தக்காளி, வெங்காயம் உன் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். முதல் கடையிலேயே வாங்கிவிட்டாலும் குறுக்கே பேசாதீர்கள். நாலு கடை தள்ளி அதே தக்காளி மலிவாக இருப்பதை அவளே பார்ப்பாள்.

கேள்வி: ஒன்பது வயது மகன் என் போனில் விளையாட்டுக்காக 600 ராண்டுக்கு ஏதேதோ வாங்கிவிட்டான். திரும்பக் கிடைக்குமா? (ஒரு தாய், டர்பன்)

பதில்: உடனே, இன்றைக்கே, ஆப் வாங்கிய இடத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். பெரியவர் சம்மதமில்லாமல் சிறுபிள்ளை செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் கார்டு விவரம் போனிலேயே கிடந்தது, பாஸ்வேர்டும் கேட்கவில்லை என்றால், நீங்களே வாங்கியதாக நினைத்தோம் என்று அவர்கள் வாதாடலாம். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் மாற்றிவையுங்கள். பணம் வராமல் போனால் அவன் கைச்செலவில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம், வாரம் ஐந்து ராண்ட் போல. முழு 600-ஐயும் பிடிக்கப்போனால் அடுத்த வருஷம் வரை அவன் கையில் காசே இருக்காது.