கடன் கோப்பும் நடுகல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பிரிவில் ஃபீல்டு ஆபீசராக இருக்கிறேன். வயது 34. செங்கம் பக்கம் இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும்போது வயலோரத்தில் நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட நினைவுக் கற்களைப் பார்த்துப் பார்த்து, கல்வெட்டு படிக்கும் ஆசை வந்துவிட்டது. இரவில் உட்கார்ந்து, அந்தக் கற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தை எழுதிப் பழகுகிறேன். "சிஏஐஐபி எழுதினால் இன்க்ரிமென்ட் வரும், கல்லைப் படித்தால் என்ன வரும்?" என்று வங்கி ஊழியர்களுக்கான அந்தத் தேர்வைச் சொல்லிக் கேட்கிறார் மேலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிளம்பிவிடுவது வீட்டில் என் துணைக்குப் பிடிக்கவில்லை. வேலையும் சொந்த லட்சியமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்கிறார்கள். எனக்கென்னவோ ஒன்றையொன்று தின்பதாகத்தான் தெரிகிறது. வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை விட முடியாது. என்ன செய்யலாம்?

ம., செங்கம் வட்டம்

*

அன்புள்ள ம.,

மேலாளர் கேட்டது நியாயமான கேள்விதான். கல்லைப் படித்தால் இன்க்ரிமென்ட் வராது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். "சார், இதனால் என் வேலைத்திறன் கூடும்" என்று அவரிடம் கணக்குக் காட்டப் போகாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கைக் கேட்பார்.

இந்த மாதிரிக் கடிதங்களில் எல்லோரும் நேரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வேலை நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, எதைப் பார்க்கப் பழக்குகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சென்னையில் கல்வெட்டியல் படிக்கும் மாணவர் பஸ் பிடித்து வந்து பார்க்க வேண்டிய வட்டாரத்தில் நீங்கள் சம்பளத்தோடு சுற்றுகிறீர்கள். 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை 1972இலேயே ஒரு தொகுப்பு போட்ட ஊர் அது. பக்கத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. இரண்டு கள்ளர்களைக் கடித்து, செத்த எசமானனுக்குக் காவல் நின்ற நாய்.

ஆனால் உங்களுக்கு ஒரு யோசனை. நடுகல்லோடு நின்றுவிடாதீர்கள். நடுகல் வாசகம் பெரும்பாலும் நாலைந்து வரிதான். இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னார் தொறு மீட்டுப் பட்டார், அதாவது மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டார் என்பதோடு முடிந்துவிடும். எழுத்துப் பழக அது நல்ல பள்ளிக்கூடம். உங்கள் தொழில் கை கொடுக்கப்போவது கோயில் கல்வெட்டுகளில்தான். அவற்றில் பாதி, உங்கள் மேசையில் தினமும் கிடக்கும் சமாச்சாரம்.

விளக்குக் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்க ஒருவர் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார். அதை வாங்கிக்கொண்ட இடையர் நிசதம், அதாவது தினமும், ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. புதிதாகப் படிக்க வருபவர், சாகாத ஆடு எங்கே இருக்கிறது என்று விழிப்பார். நீங்கள் விழிக்க மாட்டீர்கள். பெட்டை ஆடு போடும் குட்டி, செத்த ஆட்டின் இடத்தை நிரப்பிவிடும். முதல் குறையவே கூடாது, வருமானத்தில்தான் செலவு. டெபாசிட் போட்டவர் செத்துப் பல தலைமுறை போனபிறகும் வட்டி போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு அது. சில ஊர்ச் சபைகள் பொன்னை வாங்கிக்கொண்டு வட்டியை நெல்லாக அளந்தன. வேறு சில, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நிலத்தை இறையிலி, அதாவது வரியில்லா நிலம் ஆக்கின. இப்படி ஒரு சபை ஏன் அந்த வருடம் ரொக்கத்துக்கு அலைந்தது என்று இலக்கியம் படித்தவர் கேட்க மாட்டார். கடன் கொடுத்துப் பழகியவர் கேட்பார்.

நில எல்லையும் அப்படித்தான். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று கல்வெட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது நீங்கள் பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் செக்குபந்தியைப் படிப்பது போலவே படிப்பீர்கள். எந்த வாய்க்கால், எந்த ஏரிக்கரை என்று கை தானாக ஒரு வரைபடம் போட ஆரம்பிக்கும். அதே பழக்கம் மறுபடி கோப்புக்குத் திரும்பி வரும். எந்த வயல் எந்த ஏரிப் பாய்ச்சலில் இருக்கிறது, எந்த மதகு தூர்ந்து கிடக்கிறது என்று தெரிந்த ஃபீல்டு ஆபீசர், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார். நான் கூட்டுறவுச் சங்கத் தணிக்கையில் பல காலம் இருந்தவன். வயலையே பார்க்காமல் வயலைப் பற்றி எழுதப்பட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இன்ஸ்பெக்ஷனுக்குப் போன இடத்தில், கடன் கேட்டு நிற்பவரிடம் "உங்க நிலத்துல கல்லு இருக்காமே, காட்டுங்க" என்று கேட்காதீர்கள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவருடைய பயிர்க்கடன் உங்கள் பேனா முனையில் இருக்கிறது. கல் கிடைத்த செய்தி வெளியே போனால் நிலம் பறிபோகும் என்ற பயம் கிராமத்தில் இன்றும் உண்டு. கல்லை நோட்டம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் பைசல் ஆனபிறகு, இன்னொரு நாள், வங்கி அடையாள அட்டை இல்லாமல் போய்க் கேளுங்கள். வேலையும் ஆசையும் ஒன்றையொன்று தின்னும் என்றால் நேரத்தைவிட இந்த இடத்தில்தான் அது நடக்கும். கட்டுரை எழுதுவதற்கு முன் உங்கள் வங்கியின் நடத்தை விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஐராவதம் மகாதேவனை யாராவது உங்களிடம் உதாரணம் காட்டியிருப்பார்கள். 1954இல் ஐஏஎஸ் ஆனவர், வேலையில் இருந்தபடியே, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் படித்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் சிந்து எழுத்துகளைத் தொகுக்க அவர் 1970இல் நேரு ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டுதான் முழுமூச்சாக உட்கார்ந்தார். 1977இல் அது நூலாக வந்தது. 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். தமிழ்-பிராமி வாசகங்களை அவர் அறிஞர்கள் முன் தொகுத்து வைத்தது 1966இல், பெருநூல் வந்தது 2003இல். நடுவே ஆட்சிப் பணி, சிந்து எழுத்து, தினமணி ஆசிரியர் பொறுப்பு எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அவர் செய்யவில்லை. ஒன்றை ஓரமாக வைத்தார், பிறகு எடுத்தார். உங்களுக்கும் ஓரமாக வைக்க வேண்டிய மாதங்கள் வரும். மார்ச்சில் கல்வெட்டு வேண்டாம், கணக்கு முடிக்கும் மாதம்.

வீட்டு விஷயத்தில் நான் நுழைய முடியாது. ஆனாலும் ஞாயிறை ஏன் தொடுகிறீர்கள்? இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறைதானே. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிறை உங்கள் துணைக்கு விட்டுவிடுங்கள். அந்தச் சனிக்கிழமையும் காடு மேடு சுற்ற வேண்டியதில்லை. கல்வெட்டு வாசகம் ஏற்கெனவே அச்சில் வந்திருக்கிற கோயில் ஒன்றுக்குப் போங்கள். வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு கல்வெட்டு போதும். சாக்பீஸ், மாவு எதையும் எழுத்தின்மேல் தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தாலே போதும்.

சிஏஐஐபி? எழுதுங்கள். அந்தப் பணம் வீட்டுக் கடனுக்கு ஆகும், வீட்டிலும் முணுமுணுப்புக் குறையும். பதவி உயர்வுதான் யோசிக்க வேண்டியது. இடமாற்றம் என்று வேறு மாநிலத்துக்குத் தூக்கிப் போட்டால் செங்கமும் போய்விடும், கல்லும் போய்விடும். அதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்வுக்கு அந்த அவசியம் இல்லை, விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.